சுவர் இல்லாத தண்ணீர்: ட்ரையத்லானில் முதல் கடல் நீச்சலுக்குத் தயாராவது எப்படி?

பூலில் அசராமல் ஐம்பது அறுபது லேப் அடிக்கிறவர் கடலில் இருநூறு மீட்டர் போவதற்குள் மூச்சு முட்டித் தவிப்பதும், பூல் பக்கமே போகாமல் ஊர்க் கிணற்றில் நீச்சல் பழகியவர் அதே கடலில் நிதானமாகப் போய்விட்டு வருவதும் அடிக்கடி நடக்கிறது. இதற்கும் உடல் வலுவுக்கும் அவ்வளவாகச் சம்பந்தமில்லை. பூலில் சுவர் இருக்கிறது, கடலில் இல்லை, அவ்வளவுதான். 25 மீட்டர் பூலில் 1,900 மீட்டர் நீந்தினால் 75 முறை சுவரைத் தொட்டுத் திரும்புகிறோம். ஒவ்வொரு முறையும் காலால் உந்தும்போது சில மீட்டர் தூரம் சும்மா கிடைக்கிறது, கைக்கு ஒரு நொடி ஓய்வும் கிடைக்கிறது. களைத்துவிட்டால் பிடித்துக்கொள்ள ஓரம் இருக்கிறது என்ற தைரியமும் கூடவே வருகிறது. கடலில் இந்த மூன்றும் ஒரே நேரத்தில் போய்விடும்.

அதனால், "எவ்வளவு வேகமா நீந்தணும்?" என்று கேட்டு, நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் அடுத்தடுத்து முடிக்க வேண்டிய ட்ரையத்லான் போட்டிக்கு வருகிற புதியவர்களிடம் நான் சொல்வது இதுதான். நடுத்தண்ணீரில் எதையும் பிடிக்காமல் நின்று மூச்சு வாங்கிவிட்டு, திரும்பவும் நீந்தத் தொடங்கக் கற்றுக்கொள்ளுங்கள். வேகத்தை அப்புறம் பார்க்கலாம். கீழே இருக்கும் எல்லாப் படிகளும் இதைச் சுற்றித்தான் வருகின்றன.

எடுத்துக்காட்டுக்குக் கோவாவில் நடக்கும் அயர்ன்மேன் 70.3 போட்டியை வைத்துக்கொள்கிறேன். 2019இல் பணஜி மிராமார் கடற்கரையில் தொடங்கிய போட்டி, சென்னை, கோவைப் பக்கமிருந்தும் நிறையப் பேர் போகிறார்கள். 70.3 என்பது மூன்று பிரிவுகளின் தூரத்தையும் மைலில் கூட்டினால் வரும் எண்: 1.9 கிலோமீட்டர் நீச்சல், 90 கிலோமீட்டர் சைக்கிள், 21.1 கிலோமீட்டர் ஓட்டம். இந்தத் தூரம் இப்போதைக்கு வேண்டாம் என்றால் 750 மீட்டர் நீச்சல் உள்ள ஸ்பிரின்ட் போட்டியிலோ, 1,500 மீட்டர் உள்ள ஒலிம்பிக் தூரப் போட்டியிலோ தொடங்கலாம். என்னைக் கேட்டால் அதுதான் நல்ல வழி. தயாரிப்பு எல்லாவற்றுக்கும் ஒன்றுதான்.

முதலில் டாக்டரைப் பாருங்கள்

இதைத் தாண்டிப் போகாதீர்கள். ட்ரையத்லானில் உயிர் போகிற சம்பவங்களில் பெரும்பகுதி நீச்சலில்தான் நடக்கிறது. அமெரிக்காவில் 1985 முதல் 2016 வரை நடந்த போட்டிகளில் உயிரிழந்தவர்களையும், இதயத்துடிப்பு நின்று காப்பாற்றப்பட்டவர்களையும் தொகுத்துப் பார்த்த ஓர் ஆய்வில், மொத்தம் 135 பேரில் 90 பேருக்கு அது நேர்ந்தது தண்ணீரில். பெரும்பாலோர் ஆண்கள், சராசரி வயது 47ஐ ஒட்டி. நாற்பதைத் தொட்டபிறகு இந்த விளையாட்டுக்குள் வருகிறவர்கள்தான் நம்மில் அதிகம் என்பதால் சொல்கிறேன். ரத்த அழுத்தம், ஈசிஜி, தேவைப்பட்டால் டிரெட்மில் டெஸ்ட், எக்கோ எல்லாவற்றையும் பயிற்சி தொடங்கும் முன்பே பார்த்துவிடுங்கள். குடும்பத்தில் யாராவது இளம் வயதில் திடீரென்று இறந்திருந்தால் டாக்டரிடம் அதையும் கட்டாயம் சொல்லுங்கள்.

பிடிமானம் இல்லாமல் இளைப்பாறுவது

ஆழமான பகுதியில், லைஃப்கார்டு கண்ணெதிரே இருக்கும் நேரமாகப் பார்த்து, மூன்று விஷயங்களைப் பழகுங்கள்.

ஒன்று, மல்லாந்து மிதப்பது. காது தண்ணீருக்குள் போக வேண்டும், முகவாய் சற்று மேலே, நெஞ்சு நிறையக் காற்று. தலையைத் தூக்கிப் பார்க்க ஆசைப்பட்டால் இடுப்பு இறங்கிவிடும், இடுப்பு இறங்கினால் கால் தானாக உதைக்கத் தொடங்கும், அப்புறம் ஓய்வு எங்கே? இரண்டு நிமிடம் அசையாமல் மிதக்க வரும்வரை விடாதீர்கள். கடலில் உப்பு இருப்பதால் இது இன்னும் சுலபமாக வரும் என்பது நல்ல செய்தி.

இரண்டு, நின்ற நிலையில் மிதப்பது. கிணற்றில் பழகியவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதே இல்லை. இடுப்பில் சுரைக்குடுக்கையோ பிளாஸ்டிக் கேனோ கட்டி இறக்கிவிடப்பட்ட பிள்ளைகள், குடுக்கையை அவிழ்த்த அன்றைக்கே கற்றுக்கொள்வது இதைத்தானே. தரை தெரியாத தண்ணீரில் கால் தொங்கிக்கொண்டிருப்பது அவர்களுக்குப் பழகிப்போன சங்கதி. உங்கள் ஊரில் படிக்கட்டு உள்ள பெரிய பாசனக் கிணறும், கூட இறங்க நன்றாக நீந்தத் தெரிந்த ஒருவரும் இருந்தால், பூலைவிட அது நல்ல பள்ளிக்கூடம். ஐந்து நிமிடம் பேசிக்கொண்டே மிதக்க வர வேண்டும். பேச்சு திணறுகிறது என்றால் காலை அவசியத்துக்கு மேல் உதைக்கிறீர்கள்.

மூன்றாவதுதான் பலரும் விட்டுவிடுவது. மேலே சொன்ன இரண்டையும் ஃப்ரீஸ்டைலோடு சேர்க்க வேண்டும். நூறு மீட்டர் வேகமாக நீந்துங்கள், மூச்சு வாங்கும்போது சுவருக்குப் போகாமல் நடுவிலேயே மல்லாந்து படுங்கள், பத்து மூச்சு எண்ணுங்கள், அப்படியே குப்புறத் திரும்பி மறுபடி நீந்துங்கள். மூச்சு இரைக்கும்போது மல்லாந்தால் முதல் சில தடவை மூக்கில் தண்ணீர் ஏறி இருமல் வரும். அது பூலில் வந்து முடியட்டும்.

பூலைக் கொஞ்சம் கடலாக மாற்றுங்கள்

வாரத்துக்கு மூன்று நாள், மூன்று மாதம் என்று வைத்துக்கொண்டால், 400 மீட்டரை நிறுத்தாமல் நீந்துகிற ஒருவர் 2,000 மீட்டருக்குப் போய்விடலாம். மூன்றில் ஒரு நாள் தூரத்துக்கு, ஒரு நாள் வேகத்துக்கு, ஒரு நாள் கடல் தந்திரங்களுக்கு. முதல் இரண்டைப் பற்றி எந்தக் கோச்சும் சொல்லித்தருவார் என்பதால் மூன்றாவதைப் பார்ப்போம்.

சுவரைத் தொடாமல் திரும்புங்கள். சுவருக்கு இரண்டு மீட்டர் முன்பே வளைந்து வந்த வழியே போங்கள், உந்துவதற்குக் காலைக் கொடுக்காதீர்கள். இப்படி நீந்தினால் அதே தூரத்துக்கு வழக்கத்தைவிட நேரம் கூடும். அந்த நேரம்தான் உங்களுடைய உண்மையான நேரம். சென்னையில் இருப்பவர்களுக்கு வேளச்சேரியில் 50 மீட்டர் பூல் இருக்கிறது, 25 மீட்டரைவிட அங்கே பயிற்சி செய்வது நல்லது.

கண்ணை மூடிக்கொண்டு பத்து கை போடுங்கள். திறந்து பார்த்தால் லேனின் ஒரு ஓரத்தில் கயிற்றை உரசிக்கொண்டு நிற்பீர்கள். எந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு போகிறீர்கள் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். பெரும்பாலும் ஒரே பக்கம் மூச்செடுக்கிறவர்களுக்கு இது அதிகமாக இருக்கும். பூலின் அடியில் கறுப்புக்கோடு இருப்பதால் தினமும் நம்மை அறியாமலே திருத்திக்கொள்கிறோம், கடலின் அடியில் யாரும் கோடு போட்டு வைக்கவில்லை. இரண்டு பக்கமும் மூச்செடுக்கப் பழகினால் இந்த இழுப்பு குறையும். ஒரு பக்கமிருந்து அலையோ வெயிலோ அடித்தால் மறுபக்கம் மாறிக்கொள்ளவும் முடியும்.

அப்புறம், நண்பர்கள் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு ஒரே லேனில் மூவரும் பக்கம் பக்கமாக நீந்துங்கள். தோள் இடிக்கும், கை முகத்தில் படும், முன்னால் போகிறவர் காலைத் தொடுவீர்கள். போட்டியில் இதெல்லாம் நடக்கும், யாரும் வேண்டுமென்றே செய்வதில்லை. தெரிந்தவர்கள் கையால் முதலில் இடிபட்டுப் பழகிக்கொண்டால் தெரியாதவர் இடிக்கும்போது கோபமும் வராது, பயமும் வராது.

நேரக் கணக்கையும் இங்கேயே பார்த்துவிடலாம். 70.3 போட்டியில் நீச்சலுக்கான அதிகபட்ச நேரம் வழக்கமாக 1 மணி 10 நிமிடம். 1.9 கிலோமீட்டருக்கு அதை வகுத்தால் நூறு மீட்டருக்குச் சுமார் 3 நிமிடம் 40 நொடி. தாராளமாகத் தெரிந்தாலும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். வளைந்து வளைந்து போவதில் 1.9 என்பது சுலபமாக 2.1 ஆகிவிடும். பூலில், சுவரை உந்தாமல், நூறு மீட்டருக்கு 3 நிமிடத்துக்குள் நிதானமாக 2,000 மீட்டர் வருகிறதென்றால் கடலில் 2.1 ஆனாலும் 63 நிமிடத்தில் முடித்துவிடுவீர்கள். தூக்கம் கெடத் தேவையில்லை.

தலையைத் தூக்கிப் பார்ப்பது

கடலில் வழி தெரிய வேண்டுமென்றால் ஆறிலிருந்து பத்து கைக்கு ஒருமுறை முன்னால் பார்க்க வேண்டும். தலை முழுவதையும் தூக்கினால் கால் கீழே போய்விடும், கழுத்தும் வலிக்கும். முன்கை தண்ணீரைப் பிடித்து அழுத்தத் தொடங்கும் அந்த நொடியில் முதலையைப் போலக் கண் மட்டும் தண்ணீருக்கு மேலே வர வேண்டும், மூக்கும் வாயும் தண்ணீரிலேயே இருக்கட்டும். பார்த்ததும் முகத்தைப் பக்கவாட்டில் திருப்பி வழக்கம்போல் மூச்சு. பார்ப்பதையும் மூச்செடுப்பதையும் ஒன்றாகச் செய்யப் போனால் வாயில் உப்புத்தண்ணீர்தான் கிடைக்கும்.

எதைப் பார்ப்பது? பாதையைக் காட்டப் போட்டிருக்கும் மிதவை சின்னது, அலைக்குப் பின்னால் மறைந்துவிடும். அதனால் கரையில் நிற்கும்போதே மிதவைக்கு நேர் பின்னால் உயரமாக ஏதாவது இருக்கிறதா என்று பார்த்து வையுங்கள், கட்டடமோ, மரமோ, நங்கூரமிட்ட கப்பலோ எதுவானாலும் சரி. திரும்பி வரும்போது தேவைப்படும் அடையாளத்தையும் அப்போதே குறித்துக்கொள்ளுங்கள். ஒரு தடவை பார்த்தபோது எதுவும் தெரியவில்லையென்றால் பதறாமல் மூன்று கை போட்டுவிட்டு அலையின் உச்சியில் இருக்கும்போது மறுபடி பாருங்கள்.

வெயிலையும் யோசியுங்கள். மிராமார் மேற்கு பார்த்த கடற்கரை. காலையில் உள்ளே போகும்போது சூரியன் முதுகில், கரைக்குத் திரும்பும்போது நேராகக் கண்ணில். சென்னையில் பயிற்சி செய்கிறவர்களுக்கு அப்படியே தலைகீழ், உள்ளே போகும்போதே கண் கூசும். இரண்டு இடத்துக்கும் கறுப்போ கண்ணாடிப் பூச்சோ உள்ள காகிள்ஸ் வேண்டும்.

கடலில் இறங்குவது

போட்டி நாளன்றுதான் முதன்முதலாகக் கடலைப் பார்ப்பேன் என்று மட்டும் இருந்துவிடாதீர்கள். நாலைந்து தடவையாவது இறங்கியிருக்க வேண்டும்.

ஆனால் எங்கே, யாரோடு என்பது முக்கியம். மெரினாவில் குளிக்கவே போலீஸ் தடை இருக்கிறது, பெசன்ட் நகர் கடலும் அமைதியாகத் தெரிகிற நாளிலேயே ஆளை இழுத்திருக்கிறது. சென்னைக்காரர்களுக்குக் கோவளம் பக்கம் மேல். அங்கே அலைச்சறுக்கு சொல்லித்தருகிறவர்கள் இருக்கிறார்கள், போர்டோடு ஒருவர் கூட வந்தால் பாதி பயம் போய்விடும். எந்த ஊராக இருந்தாலும் இறங்கும் முன் குப்பத்து மீனவர் ஒருவரிடம் இன்றைக்குத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, இறங்கலாமா என்று கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான், அதற்குமேல் பேச்சே இல்லை. கைவிடப்பட்ட கல்குவாரித் தண்ணீரில் பயிற்சி செய்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். ஓரம் செங்குத்தாக இருப்பதால் ஏறி வர வழி இருக்காது, கூப்பிட்டால் வரவும் ஆள் இருக்காது.

நம் கிழக்குக் கரையில் காலை நேரத்தில் காற்று அடங்கியிருக்கும், மதியம் நெருங்கினால் கடற்காற்று எழும்பித் தண்ணீர் கலங்கிவிடும். அதனால் விடிந்ததும் இறங்கி வெயில் ஏறும் முன் வெளியே வந்துவிடுங்கள். கோவா போட்டி அக்டோபர், நவம்பர் வாக்கில் வரும். நமக்கு வடகிழக்குப் பருவமழை தொடங்கும் நேரம் அது, எனவே சென்னைக் கடல் பயிற்சியைச் செப்டம்பருக்குள் முடித்துக்கொள்வது நல்லது. ஹைதராபாத்தில் இருக்கும், கடல் நிலவரத்தைக் கணித்துச் சொல்லும் இன்காய்ஸ் (INCOIS) என்ற அரசு நிறுவனம் உயர் அலை எச்சரிக்கையும் கள்ளக்கடல் எச்சரிக்கையும் வெளியிடுகிறது, முந்தின இரவே பார்த்துவிடுங்கள். 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அலையில் சிக்கி இறந்தபோது கள்ளக்கடல் எச்சரிக்கை அமலில் இருந்தது. கள்ளக்கடல் என்றால் இதுதான்: வானம் தெளிவாக இருக்கும், புயல் எதுவும் இருக்காது, எங்கோ தொலைவில் எழுந்த அலை வந்து அடிக்கும். கரையில் நின்று பார்த்து முடிவு செய்கிற விஷயம் இல்லை இது.

முதல் நாள் தூரமே வேண்டாம். இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, வரும் அலைக்கு அடியில் மூழ்கி அந்தப் பக்கம் எழுவதை மட்டும் பழகுங்கள். அலை உடைந்து வெள்ளையாக வரும்போது எதிர்த்து நின்றால் பின்னால் தள்ளும், குதித்தாலும் தள்ளும். தலையைக் குனிந்து கையை முன்னால் நீட்டி அடியில் போனால் அது பாட்டுக்கு மேலே கடந்து போய்விடும். இரண்டாம் நாள் அலை உடைகிற இடத்தைத் தாண்டிப் போய், அங்கே கொஞ்ச நேரம் மிதந்துவிட்டு வாருங்கள். பூலில் பழகிய மல்லாந்து மிதப்பதை அங்கே செய்து பாருங்கள், அலை உங்களைத் தூக்கித் தூக்கி இறக்கும், அதற்கு உடம்பு பழகட்டும். அப்புறம்தான் கரைக்கு இணையாக 300, 500, 1,000 என்று கூட்டுவது. எப்போதும் இடுப்பில் பளிச்சென்ற ஆரஞ்சு மிதவைப் பையைக் கட்டிக்கொள்ளுங்கள், தனியாக ஒருபோதும் வேண்டாம்.

இழுப்பில் மாட்டிக்கொண்டால், அதாவது கரையை நோக்கி நீந்தியும் கரை தள்ளிக்கொண்டே போனால், கரையைக் குறி வைக்காதீர்கள். அந்த நீரோட்டம் பெரும்பாலும் அகலம் குறைவானது. கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வந்துவிட்டு அப்புறம் அலையோடு சேர்ந்து கரைக்குத் திரும்புங்கள். அதற்கும் தெம்பில்லையென்றால் மல்லாந்து மிதந்து கையைத் தூக்குங்கள்.

ஜெல்லிமீன் பட்டால் சுரீரென்று எரியும், பெரும்பாலும் அவ்வளவுதான். மணலால் தேய்க்காதீர்கள், நல்ல தண்ணீர் ஊற்றாதீர்கள். கடல்நீரில் அலசி, ஒட்டியிருப்பதை எடுத்துவிட்டு, தாங்குகிற சூட்டில் வெந்நீரில் வைத்தால் வலி குறையும். மூச்சுத் திணறலோ முகவீக்கமோ வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

சாமான்கள்

அதிகம் வாங்க வேண்டாம். காகிள்ஸ் இரண்டு, ஒன்று அறுந்தால் மற்றொன்று. காகிள்ஸ் வாரைத் தொப்பிக்கு அடியில் போட்டால் யாராவது உதைத்தாலும் கழன்று போகாது. கழுத்து, அக்குள், தொடை இடுக்கு ஆகிய இடங்களில் வாஸ்லைன் தடவுங்கள், உப்புத்தண்ணீர் ஒரு மணி நேரம் உரசினால் தோல் உரிந்துவிடும். தடவிய கையால் காகிள்ஸைத் தொடாதீர்கள், பிறகு எதுவும் தெரியாது. குளிர் நாடுகளில் போடும் வெட்சூட்டுக்குக் கோவாவின் வெதுவெதுப்பான தண்ணீரில் வேலையில்லை. அதற்குப் பணம் போடாதீர்கள், மூன்று பிரிவுக்கும் சேர்த்துப் போடும் ட்ரைசூட் உடையோடே நீந்தலாம். அதையும் ஒருமுறை கடலில் போட்டு நீந்திப் பார்த்துவிடுங்கள்.

போட்டிக் காலை

ஒரு நாள் முன்பே மிராமாருக்குப் போய்த் தண்ணீரைப் பாருங்கள். மாண்டோவி ஆறு கடலில் சேருகிற இடம் அது, கடல் ஏறும்போதும் வடியும்போதும் தண்ணீரின் இழுப்பு மாறும். அன்றைய ஏற்ற வற்ற நேரத்தைப் பார்த்து வைத்தால் எந்தப் பக்கம் தள்ளும் என்று ஓரளவு ஊகிக்கலாம். கரை மெல்லச் சரிகிற கடற்கரை என்பதால் தொடக்கத்தில் நடந்தும் கொஞ்ச தூரம் போகலாம். முழங்கால் தண்ணீரில் நீந்தி வீணாகக் களைக்காதீர்கள்.

சாப்பாடு இரண்டரை, மூன்று மணி நேரம் முன்பே முடியட்டும். இட்லி பழக்கம் என்றால் இட்லி, வாழைப்பழம் என்றால் வாழைப்பழம், புதிதாக எதுவும் வேண்டாம். அனுமதித்தால் பத்து நிமிடம் தண்ணீரில் இறங்கி உடம்பைச் சூடேற்றுங்கள். அனுமதியில்லையென்றால் முகத்திலும் பிடரியிலும் தண்ணீரை அள்ளித் தெளித்துக்கொண்டு கையைச் சுழற்றுங்கள்.

தொடக்கம் எல்லோரும் ஒரே நேரத்தில் குதிப்பதாக இருக்காது. முடிக்கப்போகும் நேரத்தின்படி வரிசையில் நிற்க வைத்துச் சிலர் சிலராக விடுவார்கள், உங்கள் நேரம் நீங்கள் கோட்டைத் தாண்டும்போதுதான் தொடங்கும். எனவே பின்னால் நிற்பதில் எந்த நஷ்டமும் இல்லை. உண்மையான நேரத்தைச் சொல்லி அந்த வரிசையில் நில்லுங்கள், ஓரமாக இருந்தால் இன்னும் நல்லது.

முதல் இருநூறு மீட்டர்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. சுற்றிலும் கை கால் அடிக்கும் சத்தம், கலங்கிய தண்ணீர், தன்னை அறியாமல் வேகம் கூடும், மூச்சை உள்ளே இழுக்கிறோமே தவிர முழுசாக வெளியே விட மாட்டோம். நெஞ்சு அடைக்கிற மாதிரி இருப்பதற்கு முக்கியக் காரணம் அதுதான். முகம் தண்ணீருக்குள் இருக்கும் நேரம் முழுக்கக் குமிழி விட்டுக்கொண்டே இருங்கள். மூச்சை விடுவதை மட்டும் கவனித்தால் போதும், இழுப்பது தானாக நடக்கும்.

அப்படியும் பதற்றம் வந்தால், வரும், நிறையப் பேருக்கு வரும், மல்லாந்து படுங்கள், பத்து மூச்சு. போதவில்லையென்றால் தலையை வெளியே வைத்து பிரெஸ்ட் ஸ்ட்ரோக்கில் கொஞ்ச தூரம் போங்கள். விதிப்படி எந்த ஸ்ட்ரோக்கிலும் நீந்தலாம். காவலுக்கு நிற்கும் கயாக்கைப் பிடித்தும் இளைப்பாறலாம், அதைப் பிடித்துக்கொண்டு முன்னால் நகராதவரை உங்களை நீக்க மாட்டார்கள். இதில் வெட்கப்பட எதுவும் இல்லை, அவர்கள் அதற்காகத்தான் நிற்கிறார்கள். ஆனால் மூச்சு திரும்பாமல் இருமல் வந்து, சளி இளஞ்சிவப்பு நுரையாக வந்தால், நெஞ்சில் வலி இருந்தால், அது பதற்றம் இல்லை. நுரையீரலில் நீர் கோத்துக்கொள்வதாக இருக்கலாம், இதயமாகவும் இருக்கலாம். கையைத் தூக்கி அசைத்துக் காட்டுங்கள், அன்றைய போட்டியை அங்கேயே விட்டுவிடுங்கள்.

நிதானம் வந்தபிறகு உங்கள் வேகத்தில் போகிற ஒருவரைப் பார்த்து அவர் காலுக்குப் பின்னால் ஓர் அடி விட்டு நீந்துங்கள், உழைப்பு கணிசமாகக் குறையும், விதியும் இதைத் தடுக்கவில்லை. ஆனால் அவரை நம்பிப் பாதையைப் பார்க்காமல் இருக்காதீர்கள், அவரே வழி தப்பிப் போய்க்கொண்டிருக்கலாம். மிதவையைச் சுற்றும் இடத்தில் நெரிசல் அதிகம், இரண்டு மூன்று மீட்டர் வெளியே தள்ளிச் சுற்றினால் பத்து நொடிதான் கூடும்.

கடைசி நூறு மீட்டரில் காலை நன்றாக உதைக்கத் தொடங்குங்கள். இவ்வளவு நேரம் படுத்த நிலையில் இருந்த உடம்பு சட்டென்று நிமிர்ந்தால் தலை சுற்றும், கால் வேலை செய்திருந்தால் அது குறையும். தண்ணீர் ஆழமில்லை என்று தெரிந்ததும் எழுந்துவிடாதீர்கள், கை இரண்டு மூன்று தடவை மணலைத் தொடும்வரை நீந்திவிட்டு நில்லுங்கள். கரை ஏறியதும் தொப்பியையும் காகிள்ஸையும் கழற்றிக்கொண்டே, சைக்கிளுக்கு மாறும் இடமான டிரான்சிஷனுக்கு ஓடாமல் நடங்கள், தண்ணீரில் வாய் கொப்பளித்து உப்பைத் துப்புங்கள். விரலிடுக்கில் மணல் இல்லாமல் காலைக் கழுவித் துடைத்துவிட்டு சாக்ஸ் போடுங்கள், 90 கிலோமீட்டர் சைக்கிளும் அதற்குப் பிறகு ஓட்டமும் அந்தக் காலில்தான். சைக்கிளில் முதல் பதினைந்து நிமிடம் மெதுவாக மிதித்தபடி கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் குடியுங்கள். கடலில் விழுங்கிய உப்பு வயிற்றில் இருப்பதால், அது அடங்கும்வரை எனர்ஜி ஜெல், எனர்ஜி பார் எதையும் தொடாதீர்கள்.